நம் காற்றின் கோடு

பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்தில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தைத்தான் மூன்று ஆண்டுகளாக ஆராய்ந்தேன். அது உதறிய வாயுவின் புற ஊதா நிறமாலையில் ஆக்சிஜனின் கோடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சிதம்பரத்தில் எங்கள் துறை முழுக்கப் பேச்சு. அந்தக் கோட்டை நம்பி என் ஜூனியர் ஸ்டெல்லா, விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் தயாரித்திருந்தாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் காலை, கடலூர் வீட்டில் வரைபடத்தை மறுபடி அளந்து பார்த்தேன். அந்த மண்டலம் நம்மைவிட்டு விலகிப் போவதால் அதன் கோடுகள் சற்றுத் தள்ளி விழ வேண்டும். என்னுடைய கோடு மட்டும் தள்ளவே இல்லை. அது பூமியின் மேல்காற்று விடும் ஒளி.

சிதம்பரம் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று புதுச்சத்திரம் தாண்டும்வரை யோசித்தேன்.

ஆய்வகத்தில் ஸ்டெல்லா, "அண்ணா, அனுப்பப் போறேன், ஒருவாட்டி பாத்துடுங்க" என்றாள்.

"அனுப்பாத. அந்தக் கோடு தப்பு."

"எப்பத் தெரிஞ்சிது?"

"காலையில."

"போன் பண்ணியிருக்கலாமே?"

"சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே வந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. மீதியில எது நெஜம்னு சொல்லுங்க."

மங்கலான கார்பன் கோட்டை மட்டும் வைத்து எழுதி அனுப்பினோம். தொலைநோக்கியில் நேரம் கிடைக்கவில்லை. அவள் தன் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

என் கோடு தப்பானது எல்லோருக்கும் தெரியும். அந்த பஸ்ஸில் நான் நினைத்ததை ஸ்டெல்லா யாரிடமும் சொல்லவில்லை. நானாகச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.