சாறு சொட்டிய பக்கம்

மேசையில் ரஸ்கைத் தவிர எதையும் தின்னாத ஒருவர் சாற்றைப் பற்றி எப்படி எழுத முடியும்? எங்கள் அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்த கேள்வி இது. அந்த ரஸ்கையும் சத்தமில்லாமல் கடிப்பார். உதிரும் தூளை உள்ளங்கையில் ஏந்தி மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். "ஈரமா எதையாவது தின்னப்போய், ஒரு சொட்டு தாள்ல விழுந்தா அவ்வளவுதான்" என்பார். அதனால் எங்களுக்கு அவர் ரஸ்க் அக்கா.

சொற்களிடம் மட்டும் இந்த வறட்சி கிடையாது. ஒரு சொல்லின் வேர் கிடைத்துவிட்டால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, பக்கத்து மேசைக்காரரின் தோளை உலுக்குவார். "இங்க பாரேன், இங்க பாரேன்!" அந்த உற்சாகம் சில சமயம் தொல்லைதான். பொய்யாக இருந்ததில்லை.

அன்று மாலை கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். 'சக்யுலன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அக்கா எழுதியிருந்தது: 'கடித்ததும் வாய் நிறையச் சாறு ஊறும் தன்மை. சாற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது உறிஞ்சுதலைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு.' தலைமை ஆசிரியர் அத்தனையையும் அடித்துவிட்டு, 'சாறுடைமை' என்று ஒற்றைச் சொல் போட்டிருந்தார்.

"ஏதோ சொத்துப் பத்திரம் மாதிரி இருக்கு சார்!"

"இது அகராதிம்மா. பழக்கடை விளம்பரம் இல்ல."

அக்கா விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பியபோது கையில் ஒரு பை பேரிக்காய். நன்றாகக் கனிந்தவை, விரல் பட்டாலே குழிந்தன. எல்லோருக்கும் கொடுத்தார். "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று முணுமுணுத்தபடி ஆசிரியரும் ஒன்றைக் கடித்தார். சாறு மோவாயில் இறங்கி மணிக்கட்டுக்கு ஓடியது. சட்டைக் கை நனைந்துவிடுமே என்று பதறி, உதட்டைக் குவித்துச் சர்ரென்று உறிஞ்சினார்.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்தீங்களா!" அக்கா குதிக்காத குறை. "இப்ப செஞ்சீங்களே, அதான் சார் அந்தச் சொல்லோட வேரு! யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

ஆசிரியர் மணிக்கட்டைப் பார்த்தார். தான் அடித்த வரிகளைப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார், வாய் நிறையப் பழத்தோடு. "வேரும் இருக்கட்டும்."

திருத்திய புதுத் தாள் அக்காவின் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்திட்டால் அச்சகத்துக்குப் போய்விடும். பையில் ஒரு பழம் மீதமிருந்தது. அக்கா ரஸ்க் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, தாளின் மேல் குனிந்தபடியே அதைக் கடித்தார். ஒரு சொட்டு, அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

"ஐயோ அக்கா, தாளு!" நான் கைக்குட்டையை நீட்டினேன்.

வாங்கவில்லை. ஈரம் வட்டமாகப் பரவி முடியும்வரை பார்த்திருந்தார். பிறகு அதன் அருகிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.