எஸ்தர் அக்காவும் ஓட்டக்காரர் நோட்டும்

நண்பர்களே, இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். குழந்தை தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் அவள் காலைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் அக்கா போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களுடைய தம்பி அருள், கும்மிடிப்பூண்டியிலிருந்து சைக்கிளில் புதுவாயலுக்கு வந்தார். வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். "அக்கா பூட்டாங்க. மஞ்சக்காமாலை. வெள்ளிக்கெழமையே அடக்கம் பண்ட்டோம். உங்களுக்குச் சொல்லணும்னு அன்னிக்கு யாருக்கும் தோணல" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

உங்கள் மூன்று பேருக்கும் அக்காவைக் கையெழுத்தால்தான் அதிகம் தெரியும். கும்மிடிப்பூண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார்கள் என்பதும், நம் புத்தகச் சுற்றை ஆரம்பித்தவர் அவர்தான் என்பதும் தெரிந்திருக்கும். ஒரு காக்கிப் பை, அதில் ஒரு புத்தகம், ஒரு நீள நோட்டு. திருவள்ளூரில் டிரில் மாஸ்டர், பொதட்டூர்பேட்டையில் டீச்சர், பொன்னேரியில் தபாலாபீஸ் கோபால் சார், புதுவாயலில் நான், கடைசியாக அக்கா. ஆளுக்கு ஒரு வாரம். படித்துவிட்டு நோட்டில் கருத்து எழுதி, பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டு, தெரிந்த கண்டக்டரிடம் பையைக் கொடுத்துவிட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் அக்கா எழுதியிருந்த விதி உங்களுக்கு நினைவிருக்கும். "எழுதியதை அடிக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. எண்ணம் மாறினால் கீழே தேதி போட்டு எழுதவும்."

பி.ஏ. முடித்துக் கல்யாணமாகி வந்து, பேசுவதற்கு ஆளில்லாமல் இருந்த எனக்கு அந்தப் பை வரும் நாள்தான் திருநாளாக இருந்தது.

அந்த வெளிநாட்டு நெடுந்தூர ஓட்டக்காரரின் வாழ்க்கை வரலாறு சுற்றுக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பால் சுமந்த பையன், ஒட்டுப்போட்ட செருப்பு, ரத்தம் கசியும் பாதத்தோடு எல்லைக் கோட்டைத் தொட்டது. "அவருடைய கால்கள் ஓடவில்லை, மனம் ஓடியது" என்று அதில் அத்தியாயத்துக்கு ஒரு தரம் வரும். மூச்சு விடும் முறையைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று மாஸ்டர் இரண்டு பக்கம் எழுதினார். ஓட்டக்காரரின் மனைவி எங்கே போனாள், நடுவில் காணவே இல்லையே என்று டீச்சர் கேட்டார். சாப்பாட்டைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம் என்றார் கோபால் சார்.

நான் எழுதியதை இப்போது சொல்ல வாய் கூசுகிறது. "பின்தங்குகிறவர்களுக்குக் கால் இல்லாமல் இல்லை. மனம்தான் இல்லை." எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

அதற்கு அடுத்த பக்கத்தில் எ. என்று கையெழுத்திட்டு அக்கா எழுதினார்கள். எனக்கு மனப்பாடம். "இவர் ஜெயித்தது காலால். புத்தகம் எழுதியவர் அந்தப் பெருமையைக் காலிடமிருந்து பிடுங்கி மனசுக்குக் கொடுத்துவிட்டார். மனசு இருந்தால் ஓடலாம் என்றால், ஓடாதவர்களுக்கெல்லாம் மனசு இல்லை என்று ஆகிறது. மேட்டில் ஏறும்போது எந்தக் கால் முதலில் களைக்கிறது, களைத்த காலுக்கு மற்றது எப்படி இடம் கொடுக்கிறது என்று சொல்லும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் உண்மை. ஐந்து தரம் படித்தேன்."

மாஸ்டர், அடுத்த சுற்றில் நீங்கள் எழுதியது ஞாபகம் வருகிறதா? "எ. அவர்கள் ஓடியவர் என்று தெரிகிறது. எந்தப் பந்தயம்? எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வந்து பரிசு கொடுக்க முடியுமா?"

அடுத்த முறை வந்த பையில் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "மாஸ்டர் கூப்பிடுகிறார். புதுவாயலில் பஸ் மாற வேண்டும். துணைக்கு வருவீர்களா?" அப்படித்தான் நான் அவர்களை முதலில் பார்த்தேன். பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு தடி இறங்கியது. பிறகு முட்டிவரை இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ். பிறகு அக்கா. கண்டக்டர், "சீக்கிரம் எறங்கும்மா" என்றார். "இரு நைனா, ஓட்டப் பந்தயத்துக்குப் போய்க்கினு இருக்கறேன், எறக்கத்துலயே மூச்ச உட்டா எப்புடி?" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் போட்ட இரண்டு கோடுகளும் கண்முன் நின்றன. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால் என்று அடுத்த பஸ்ஸில் போகும்போது சொன்னார்கள்.

பள்ளி மைதானத்தில் மாஸ்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள் மாஸ்டர், என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அக்காதான் உங்களைக் காப்பாற்றினார்கள். பரிசெல்லாம் கொடுத்து முடித்ததும், "சார், அந்த ஸ்டாப் வாட்ச எங்கிட்ட ஒரு தபா குடுங்க" என்று வாங்கி என் கையில் வைத்தார்கள். "மேஜையிலேர்ந்து கேட்டு வரிக்கும் நடக்கப்போறேன். கரெக்டா அமுக்கு. சலுகை குடுக்காத." நடந்தார்கள். பாதி வழியில் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். கேட்டைத் தொட்டதும் அமுக்கினேன். நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, "இது என் ரிக்கார்டு. ஒருத்தனும் ஒடைக்க முடியாது, ஏன்னா என் கால் எங்கிட்டதான் கீது" என்றார்கள். அந்த நேரம் நோட்டில் ஏறியிருக்கிறது, அவர்களுடைய பக்கத்தின் அடியில்.

திரும்பி வரும்போது பெரியபாளையம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடறேன்" என்றேன்.

"எதுக்கு? என் காலப் பாத்துட்டா?"

கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"கிழிக்காத. நீ எழுதுனது தப்புதான். ஆனா அத கிழிச்சிட்டா நான் யாருக்குப் பதில் சொன்னேன்னே தெரியாம பூடும். உனக்கா வேற மாதிரி தோணுற அன்னிக்குக் கீழ எழுது. எனக்காவ எழுதுனீன்னா நான் படிக்க மாட்டேன்."

அதனால்தான் நான் எழுதவே இல்லை. எத்தனை முறை பேனாவை எடுத்தாலும் அது அவர்களுக்காக எழுதுவதாகவே இருந்தது. பிறகு அந்தப் பெருமழைக் காலத்தில் சுற்று நின்றுபோனது. பை யாரிடம் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்குப் பதினோரு மாதம். சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தாள். காய்ச்சல் இறங்கியபோது இடது கால் துணி மாதிரி தொங்கியது. டாக்டர் சொன்ன பெயரை நான் முன்பே ஒரு பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "கொயந்த மனசு வெச்சா நடந்துடும்." "நீ மனச தளர உடாத, அவ நடப்பா." நல்லவர்கள்தான், ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் நான் கோடு போட்டு எழுதிய வாக்கியம் வீட்டுக்குள் வந்து என் குழந்தையின் தொட்டிலைச் சுற்றி நின்றது. நடக்காவிட்டால் நாளைக்கு அது அவளைத்தானே குற்றம் சொல்லும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார்கள். அழாதே என்று சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் குழந்தை முன்னால் வைத்தார்கள். அவள் அந்தத் தோல் வாரை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள். "பாரு, எனக்குப் புடிக்காத சாமான் இவளுக்கு நாஷ்டாவா ஆயிட்ச்சி" என்று சிரித்தார்கள். அந்தக் காலை எப்படிப் பிடித்து மடக்கி நீட்ட வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று என் கையின்மேல் தன் கையை வைத்துக் காட்டினார்கள். பிறகு சொன்னார்கள்.

"நடக்கலாம். நடக்காமயும் போவலாம். டாக்டர் சொல்றத உடாம செய். ஆனா நடக்கலன்னா அவளுக்கு மனசு பத்தலன்னு இந்த ஊட்ல ஒருத்தரும் சொல்லக் கூடாது. மொதல்ல நீ சொல்லக் கூடாது."

"அக்கா, இப்ப நான் கீழே எழுதணும்" என்றேன்.

"எழுது. இப்ப எழுதுனா படிப்பேன். நோட்டு எங்க மாட்டிகினு கீதோ, லைன் சும்மா இருக்கறப்ப ஒவ்வொருத்தரா கேட்டுப் பாக்கறேன்" என்றார்கள். கோபால் சார், உங்களைக் கூப்பிட்டுக் கேட்டதாகப் பிறகு சொல்லியனுப்பினார்கள். மற்ற இருவரையும் கூப்பிடுவதற்குள் படுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பூட்ஸை அவர்களோடேயே புதைத்துவிட்டதாக அருள் சொன்னார். வாரில் என் மகளின் இரண்டு பல் பதிந்திருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் இருப்பது என் கைக்கு அவர்கள் காட்டிக் கொடுத்த பிடி. காலையிலும் மாலையிலும் அந்தக் காலை மடக்கி நீட்டும்போது என் கைமேல் இன்னொரு கை இருக்கிறது. அப்புறம், அந்த விதி. அடிக்காதே, கிழிக்காதே, கீழே எழுது.

நான் எழுத வேண்டியது நாலு வரிதான். படிப்பதாகச் சொன்னவர் இல்லை. ஆனால் என் மகள் ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அந்த நோட்டு எப்படியாவது அவள் கைக்கு வந்தால், அம்மா எழுதியதன் கீழே அம்மாவே எழுதியதும் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கோபால் சாருக்கு முதலில் போடுகிறேன். படித்துவிட்டு டீச்சருக்கும், அவர் மாஸ்டருக்கும் அனுப்புங்கள். பரணில், பீரோ மேல், பள்ளிக்கூட அலமாரியில் அந்தக் காக்கிப் பை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.