தலைவலி என்று சொல்லிப் பார்த்தது

ஜாஸ்மின் அக்காவின் அப்பா தாவீது ஒரு காலையில் வல்லக்கோட்டைப் பக்கம் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். உள்ளே முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் இருந்தார்கள். டயர் பஞ்சர் என்று நினைத்தார்கள். அவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வடக்குப்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை.

அக்கா வேலை செய்வது வேறு கம்பெனியில், காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டும் லைனில். ஆனாலும் அந்தச் செய்தி அவளுக்கு முன்பே அவளுடைய கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"இன்னா ஜாஸ்மின், உங்கப்பா இன்னிக்கு எங்க நிறுத்துனாரு?"

"உங்க வூட்டு வாசல்லதான்டி. எறங்கிக்கோ."

பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். இதை என்னிடம் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

நான் பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பகலில் கூட வர ஆள் வேண்டுமென்றால் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. "இளா, நீ படிச்சவன். இதுக்கு ஒரு நல்ல டாக்டரு பாத்துச் சொல்லுடா" என்றாள். போனில் தேடுவது எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் எதைத் தேடுவது என்பது தெரிந்திருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். மனநல மருத்துவர் என்று போட்டால் வரிசையாகப் பெயர்கள் வந்தன. அக்காவுக்குச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற தொழிலாளர் காப்பீடு இருந்தது. ஒவ்வொன்றாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இ.எஸ்.ஐ. எடுப்பீர்களா?

"கேஷ்தான் தம்பி. ஜிபே பண்ணலாம்."

"இ.எஸ்.ஐ.யா? இங்க இல்லைங்க."

ஒரு இடத்தில் சிரித்தே விட்டார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் ஒரு முறை காசு கொடுத்தே பார்த்தோம். மாதாமாதம் வரச் சொன்னார். அக்காவின் சம்பளத்தில் அது நடக்காது. தாவீதும் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வேன் ஓட்டியபோது அவர் காண்டிராக்டரிடம் இருந்தார். அவருக்கென்று எந்தக் கார்டும் கிடையாது. அக்காவின் இ.எஸ்.ஐ. கார்டில் அப்பா என்று அவர் பெயர் இருந்தது. அவருக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

ஆக, இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கே போவது என்று முடிவானது. அங்கே எழுதிக் கொடுத்தால்தான் மேலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். அங்கே என்ன சிக்கலென்றால், வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஒரே பஸ், ஒரே கேன்டீன். டாக்டரின் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் கூட்டத்தில் அதைச் சாத்துவதே இல்லை.

"அப்பாவுக்கு என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் லைனில் வேலை செய்யும் சசிரேகா கையில் டோக்கனோடு நின்றிருந்தாள்.

"தலைவலி சார்" என்றாள் அக்கா.

டாக்டர் கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் தாவீதுக்குக் கண்ணாடி வந்தது. கறுப்பு ஃப்ரேம், நன்றாகவே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உள் அறையில் அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இப்போ செவுரு தெளிவா தெரியும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவருடைய நிலைமை மோசமானது. விடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் முனையில் ஹாரன் அடித்தால் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார். ஒருநாள் அக்காவை வேலைக்குப் போகவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவளுக்குச் சம்பளம் போனது. மறுபடி டிஸ்பென்சரிக்குக் கிளம்பினோம்.

இந்த முறையும் கூட்டம். இந்த முறையும் கதவு திறந்திருந்தது.

"கண்ணாடி போட்டும் தலைவலி போகலையா?" என்றார் டாக்டர்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தாவீது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தலவலி இல்ல சார். பயமா கீது. எந்நேரமும் பயமா கீது. வண்டில அத்தினி பொம்பள புள்ளைங்க குந்திகினு இருந்துச்சுங்க, எங்கனா இட்சிடுவேன்னு கை நடுங்குச்சு. அதான் நிறுத்திட்டேன்."

வாசலில் டோக்கனோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் அதுவரை அவரிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கவில்லை. இவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் எல்லோரும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே சென்னையில் இருக்கிற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். நான் போனில் தேடிய பட்டியலில் அந்த இடமே இல்லை.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். வெளியே பெரிய கூட்டம். ஆனாலும் அவர் அவசரப்படுத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். தாவீது பேசினார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது. பிறகு தட்டு காலியானது. பிறகு ஒரு காலை, அக்கா பஸ் ஏறும்போது அவர் வாசலில் நின்றார். ஹாரன் அடித்தது, கொஞ்சம் பின்னால் போனார், உள்ளே போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் கோபால் அக்காவை லைன் லீடர் ஆக்குவதாகச் சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவள் சசிரேகா.

"லீடர் ஆனா சம்பளம் இ.எஸ்.ஐ. லிமிட்ட தாண்டிடும்டி. கொஞ்ச மாசம் ஓடும், அப்புறம் இ.எஸ்.ஐ. கட்டாயிடும். கம்பெனி இன்சூரன்ஸ் குடுப்பாங்க. ஆனா அது ஆஸ்பத்திரில படுத்தாதான். மாத்திரைக்குலாம் கெடையாது."

அக்கா கோபாலிடம் போய், வேண்டாம் என்றாள்.

"ஊரே இன்கிரிமென்ட் குடுன்னு நிக்குது. நீ வேணாம்ன்ற. பைத்தியமா புடிச்சிருக்கு?"

"எனக்கு இல்ல சார்" என்றாள் அக்கா. "எங்க அப்பாவுக்கும் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச் முடிந்து வந்ததும் சசிரேகா வீட்டுக்கே வந்து திட்டினாள். "இ.எஸ்.ஐ. போயிடும்னுதான் சொன்னேன், வேலையே வேணாம்னு சொல்லிட்டு வருவியா? கோபால் சார் இன்னும் யார் பேரையும் குடுக்கல. போய்க் கேளுடி." உள் அறைக்கும் அது கேட்டது. தாவீது வெளியே வரவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். யார் சொல்வது சரி என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் தூக்கமா, மகளின் உயர்வா என்று யாராவது கேட்டால் நான் எதைச் சொல்வேன்? இரண்டும் ஒரே கார்டில் மோதும் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு தாவீது எழுந்திருக்கவில்லை.

"மேடம், எம் பொண்ணு கார்டு போய்ட்டா நீங்க என்னப் பாப்பீங்களா?"

"அப்பா, வா" என்றாள் அக்கா.

"இரு. பாப்பீங்களா மேடம்?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னாள். "கார்டு இல்லன்னா இங்க முடியாதுங்க" என்றார் டாக்டர். "ஆனா கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயும் மனநல டாக்டர் இருக்காங்க. இலவசம்தான். உங்களுக்கு என்ன, என்ன மாத்திரை, எல்லாம் நான் எழுதித் தரேன். விடாம போகணும், அவ்வளவுதான்."

"அவங்களான்ட முதல்லேர்ந்து சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்."

தாவீது கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி. சொல்றேன்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தார். எவ்வளவு நாளாகவோ பஸ்ஸில் கடைசி சீட்டை விட்டு நகராத மனிதர். கை முன் கம்பியைப் பிடித்திருந்தது. லேசாக நடுங்கத்தான் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது திரும்பி எங்களைப் பார்த்தார்.

"கிளட்ச்சு மேலயே கால வெச்சிகினு ஓட்டறான் பாரு. வண்டி எப்டி தாங்கும்?"

டிரைவர் கண்ணாடியில் முறைத்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரகடம் தாண்டியதும் சொன்னாள்: "இளா, நாளைக்கு கோபால் சார்கிட்ட கேட்டுப் பாக்கறேன்டா. அந்த லீடர் வேலை இன்னும் கீதான்னு."