பொங்கு தோசை சுட்ட ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே நடந்தது இது. காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் போகிற சாலையில் இருந்தது அந்த வீடு. ‘இருந்தது’ என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்தான் அங்கே இல்லை.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் மூத்தவள். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அம்மா சீக்கிரமே போய்விட்டார். தம்பிகளுக்குச் சோறாக்கிப் போட்டு, துணி துவைத்துப் போட்டு, ஆளாக்கி முடிப்பதற்குள் எனக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது. தியாகம், அது இது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எடுத்துச் செய்ய ஆளில்லை, அப்படியே நடந்துவிட்டது. பெரிய தம்பி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண்ணெடுத்து, பாரீஸுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குக் குடிபோய்விட்டான். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை, தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அப்படி ஒருவர் இருப்பார். சின்னத் தம்பிக்கு உள்ளூரிலேயே உத்தியோகம். அவனும் அவன் மனைவியும் நானும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தோம்.

அந்த வருடம் சின்னத் தம்பிக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே சின்னதாக ஒரு வீடு பார்த்துப் போவதாகப் பேச்சு. சரி, நான் எங்கே போவது? கேட்டால், “அண்ணன் வரட்டும்க்கா, உன் விஷயத்த நேர்ல வச்சுப் பேசிக்குவோம்” என்பான். இன்னொரு பக்கம் பெரிய தம்பி, “ஒரு தடவ இங்க வந்து எங்களோட இருக்கா” என்று போனில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டையும் நானே சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். என்னைப் பாரீஸுக்குக் கூட்டிப் போகப் போகிறார்கள், அதைத்தான் நேரில் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆசைப்பட்டது முழுக்க நான்தான்.

அந்த ஆசையில்தான் பொங்கு தோசை சுடக் கற்றுக்கொண்டேன். பெரிய தம்பி மனைவியை நான் மனதுக்குள் பாரீஸ்காரி என்பேன். அவர்கள் வீட்டில் ஞாயிறு காலையில் ஒரு பலகாரம் செய்வார்கள். முட்டையும் பாலும் மாவும் கரைத்து ஓவனுக்குள் வைத்தால், அது பானை மாதிரி உப்பிக்கொண்டு மேலே வரும். அதன் பெயர் என் வாயில் நுழையாததால் பொங்கு தோசை என்று நானே பேர் வைத்துவிட்டேன். பாரீஸ்காரி மைதாவைத் தொட மாட்டாள். ஆதிகாலத்துத் தானியம் என்று அங்கே கடையில் ஒரு மாவு விற்கிறார்களாம், அதில்தான் செய்வாளாம். போனில் அந்தப் பொட்டலத்தைக் காட்டினாள். பார்த்தால் நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் சம்பா கோதுமைக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். நம்மிடம் இல்லாததா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பழகினேன். சின்னத் தம்பி மனைவி கேக் செய்வதாக வாங்கி, இரண்டு தடவையோடு அலுத்துப்போய் மூலையில் போட்டிருந்த மின்சார ஓவன் ஒன்று இருந்தது. சம்பா கோதுமையைக் கல் பொறுக்கிக் கழுவி, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் வேட்டி விரித்துக் காயவைத்தேன். மாடியில் போட வழியில்லை. தெற்கே இருந்து காற்றடித்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசி கறுப்பாக வந்து படியும். பிறகு மில்லில் நைசாக அரைத்துவந்து மெல்லிய துணியில் சலித்தேன். தவிடு கலந்திருந்தால் எழும்பாது. முட்டையிலும் பாலிலும் குளிர்ச்சி போயிருக்க வேண்டும், கரைத்த மாவு கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டும். இரும்பு வாணலியை ஓவனுக்குள்ளேயே நன்றாகக் காயவிட்டு, வெண்ணெய் போட்டு, அது சத்தம் போடும்போது மாவை ஊற்றிக் கதவை மூடினால், வேகும்வரை திறக்கக்கூடாது. இதையெல்லாம் நான் ஒன்றொன்றாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை செருப்புத் தோல் மாதிரி வந்தது. அடுத்தது ஒரே முட்டை நாற்றம். கெட்டதை எல்லாம் நானே தின்று தீர்த்தேன், சரியாக வந்ததைச் சின்னத் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் வைத்தேன்.

இந்தத் தோசையிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வெளியே எடுத்த நொடியிலிருந்து இறங்க ஆரம்பித்துவிடும். சாப்பிடுகிறவர்கள்தான் தட்டு வைத்துக் காத்திருக்க வேண்டும். அது யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் சுடுகிறவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

அந்த ஞாயிறு முதல் பூசைக்கு எல்லோரும் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். தம்பிகள் இருவரும் அவர்கள் மனைவிமாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நான் துணி சுற்றிய கையால் வாணலியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தேன். ஓரமெல்லாம் சிவந்து, வாணலியைவிட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. எலுமிச்சை பிழிந்து, சீனி தூவி, துண்டு போட்டு வைத்தேன்.

“அண்ணி, எங்க வீட்லகூட இப்டி எழும்புனதில்ல” என்றாள் பாரீஸ்காரி. புருஷனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பெரிய தம்பி பேசவே இல்லை, வாய் நிறைய இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். குளிருக்கு ஸ்வெட்டர் யாரிடம் இரவல் கேட்கலாம் என்றுகூட யோசித்தேன். அடுத்த வாணலியை ஓவனில் வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து நின்று இரண்டாவது துண்டை வைத்தேன்.

அப்போதுதான் பாரீஸ்காரி அவனிடம் பிரெஞ்சில் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அக்காவிடம் சொல்லிவிடு, கன்னியாஸ்திரிகளின் அந்த முதியோர் இல்லத்தில் இந்த மாதக் கடைசிக்குள் கொண்டுவந்து விடச் சொல்கிறார்கள் என்று. நான் சொல்ல மாட்டேன், இத்தனை நாள் கூட வைத்திருந்தவன் தம்பிதானே, அவன் சொல்லட்டும் என்றான் இவன். அவன் உன்னைத்தான் சொல்லச் சொல்கிறான் என்றாள் அவள். பெரிய தம்பி தோசையை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தான். பிறகு அதே பிரெஞ்சில் சொன்னான்: “அங்கே சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லுவோம். வேலை என்றால் சந்தோஷமாகப் போய்விடுவாள். இதையே அங்கிருக்கும் கிழவிகளுக்குச் சுட்டுப் போடட்டும்.” அதற்கு அவள் சிரித்தாள்.

எனக்கு எப்படிப் புரிந்தது என்கிறீர்களா? அவனுக்குப் பெண் பேசி முடித்த சமயத்தில் அவன் பிரெஞ்சு படித்தே ஆகவேண்டி வந்தது. பள்ளியில் படித்ததை எல்லாம் மறந்து தொலைத்திருந்தான். மாலை வகுப்புக்குப் போவான். வாத்தியார் தினமும் சொல்லெழுத்து வைப்பார். வீட்டில் பழக, யாராவது வாசிக்க வேண்டும், இவன் எழுத வேண்டும். அந்த யாராவது நான்தான். எழுத்துக்கூட்டி வாசிக்க அவனேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான், அவனுக்கு ஆள் தேவைப்பட்டது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே வாசிப்பேன், அவன் எழுதுவான், புத்தகத்தைப் பார்த்து நான் திருத்துவேன். வினைச்சொல்லில் தடுமாறினால் கரண்டியைக் காட்டுவேன். அவன் பரீட்சை எழுதித் தேறி விமானம் ஏறினான். படித்தது என்னிடமும் தங்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, எங்கள் எதிரிலேயே இருவரும் கொசுவையும் வெயிலையும் சின்னத் தம்பி மனைவியின் குழம்பையும் திட்டிக்கொள்வார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நமக்கு என்ன என்று வெளியே காட்டிக்கொள்ளவே இல்லை.

அவன் எனக்குத் தெரியாமல் பேசிவிட வேண்டும் என்று சூது செய்யவில்லை. எனக்குப் புரியாது என்று நிஜமாகவே நம்பினான். அத்தனை நாள் மாலை எதிரில் உட்கார்ந்து வாசித்தவளை அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். முதியோர் இல்லம் என்றது எனக்குச் சுருக்கென்றது. மறந்துவிட்டான் என்பது அதைவிட மோசமாக இருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, ஒரு மாத்திரைகூட விழுங்குவது கிடையாது.

துண்டை எடுத்து வைத்த கரண்டி இன்னும் என் கையில் இருந்தது. கீழே வைத்தேன். வைத்துவிட்டுப் பிரெஞ்சிலேயே சொன்னேன்: “யார் சொல்வது என்று சண்டை வேண்டாம். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.”

சின்னத் தம்பிக்கு நான் சொன்னதன் அர்த்தம் தெரிந்திருக்காது, ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அவனும் அவன் மனைவியும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

“உனக்குப் புரியுமா?” என்றான் பெரிய தம்பி.

“உனக்குச் சொல்லெழுத்து போட்டது யாரு?”

அவன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை மன்னிப்பு வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். “அப்ப இத்தன வருசமா எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுப் புரியாத மாதிரி நின்னியா? இப்டி ஒரு அழுத்தமா உனக்கு?” என்றான். பாரீஸ்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள், அவர்கள் அந்தரங்கத்தை எல்லாம் நான் ஒட்டுக் கேட்டுவிட்டேனாம். மத்தியானத்துக்குள் அந்த வீட்டில் தப்புச் செய்தவள் நான் என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இதற்கு நடுவில் ஓவன் மணி அடித்தது. மாவைப் பாழாக்க மனம் வராமல் போய் எடுத்தேன். முதலாவதைவிட இது நன்றாகப் பொங்கியிருந்தது. கேட்க ஆளில்லை. அடுக்களையில் நின்றபடியே, அது இறங்குவதற்குள் பிய்த்துச் சாப்பிட்டேன். பொங்கியபடி இருக்கும்போது அதை நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அழுகையும் வந்தது, ருசியாகவும் இருந்தது. ருசியாக இருந்ததே என்று அதற்கும் ஒரு ஆத்திரம் வந்தது.

சாயந்திரம் சின்னத் தம்பி அடுக்களைக்கு வந்தான். “அக்கா, அது நல்ல இடம்தான். சிஸ்டருங்க நல்லாப் பாத்துக்குவாங்க. உங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னுதான் ரெண்டு மாசமா முழிச்சுக்கிட்டிருந்தோம்” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பொய்யில்லை, நான் பார்த்தேன். அவர்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் என்னிடம் விஷயத்தைச் சொல்வதுதான். அதை நானே தீர்த்துக் கொடுத்துவிட்டேன். வாய் திறந்ததில் என் பக்கம் எதுவும் மாறவில்லை. மாதக் கடைசி என்றிருந்தது, அடுத்த வாரமே ஆகிவிட்டது.

என்னால் முடியாது என்று அடம் பிடித்திருக்கலாம், வீட்டில் எனக்கும் உரிமை உண்டு என்று பேசியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பேசியிருக்கலாம்தான். என்னை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தோசை மென்றுகொண்டே யோசித்தவர்களோடு மல்லுக்கு நின்று ஒரு அறையை வாங்கி, அதில் எப்படிப் படுத்துத் தூங்குவது? எனக்கு ரோஷம் அதிகம். அதனால் நஷ்டப்பட்டவளும் நான்தான்.

இப்போது அந்த இல்லத்தில்தான் இருக்கிறேன். சிஸ்டர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வந்த கொஞ்ச நாளிலேயே சமையலுக்கு ஆள் பற்றவில்லை என்று நானே போய் அடுப்படியில் நின்றேன், சும்மா உட்கார எனக்கு வராது. தம்பி சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அதை நினைக்கும்போது கரண்டியைத் தூக்கி எறியலாமா என்று இருக்கும். நல்லவேளை, இங்கே ஓவன் இல்லை.

பெரிய தம்பி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முகம் தெரிகிற மாதிரி போன் போடுவான். உடம்பு எப்படி இருக்கிறது என்று தமிழில் கேட்பான். நடுவில் மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், சத்தத்தை நிறுத்திவிட்டுச் சொல்கிறான். வாய் மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன்.

அவன் பேசிய பேச்சுகூட இப்போது அவ்வளவாக உறுத்துவதில்லை. எல்லாரும் ஏதோ ஒரு நேரத்தில் அப்படிப் பேசக்கூடியவர்கள்தான். ஆனால் அன்று அந்த மேசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், நாலு பேரில் ஒருவர்கூட, “உட்காருக்கா, பேசுவோம்” என்று சொல்லவில்லை. இன்றைக்கும் யாராவது என்னிடம் கனிவாகப் பேச வந்தால், அவர்கள் முகத்துக்கு முன்னால் அந்த இரண்டு காலி நாற்காலிகள்தான் எனக்குத் தெரிகின்றன.