என் மகளின் பட்டியலில் யாரோ சேர்த்த கல்லூரி

பொறியியல் கலந்தாய்வுக்கு என் மகளின் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய, கூட்டேரிப்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். எங்களுக்கு எந்த ஆன்லைன் வேலையும் அங்கேதான். ஓடிபி வந்தால் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சென்டர்காரரின் செல் நம்பரையே கொடுத்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் கொடுத்தேன். விழுப்புரம் அரசுக் கல்லூரியை முதலில் போடச் சொல்லி மகள் எழுதிக் கொடுத்தாள்.

கடைசி நாள் மதியம் பிரிண்ட் வாங்கிப் பார்த்தவள் அழுதேவிட்டாள். முதல் இடத்தில் நாங்கள் பெயரே சொல்லாத தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரி ஒன்பதாவது!

"அது நல்ல காலேஜும்மா. பஸ்ஸு ஊட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவும்" என்றார் சென்டர்காரர், கொஞ்சமும் கூசாமல். அவர் மேசையில் அதே கல்லூரியின் நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதற்கு ஆள் பிடித்துத் தருகிறவர் என்று அப்போதுதான் புரிந்தது. ஓடிபி அவர் செல்லுக்கே வந்ததால் எங்களைக் கேட்காமலே மாற்றியிருக்கிறார்.

அதுவரை அவரிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். "படிக்கப் போறது எம்பொண்ணு. உன்ன யாரு மாத்தச் சொன்னது? இப்பவே சரிபண்ணு, பாத்துக்கினு இங்கயேதான் நிப்பேன்" என்று கத்தினேன். மாற்றினார். அன்று மாலையே பதிவுக்கான கெடு முடிந்தது.

இப்போதெல்லாம் மகளின் நம்பரைத்தான் கொடுக்கிறோம். திரையில் இருப்பதை முழுசாகப் படித்த பிறகே அவள் ஓடிபி சொல்கிறாள். இப்போது போகிற புதிய சென்டரில், நேரமாகிறது என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.