துரை நன்றாக ஆடினார்

மூணுகல்லுத் தோட்டத்து ஃபெக்டரியின் மேல்மாடியில் தேயிலைக் கொழுந்து வாடி முடியப் பதினான்கு மணி நேரம் ஆகும். அது வாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அழகுமுத்துவின் வேலை. அவரைப்போல உட்காரத் தெரிந்த ஆள் வட்டவளையிலிருந்து நானுஓயா வரைக்கும் கிடையாது. ஒருமுறை ஒரே ஒரு செஸ் நகர்வை எட்டு நாள் யோசித்தார். அதற்குள் அவர் காலில் ஏறிய அட்டை வயிறு முட்டக் குடித்து, குட்டி போட்டு, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது. நம்பாதவர்கள் அட்டையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சோவியத் காலத்துச் செஸ் புத்தகம் ஒன்று, ஹட்டன் பஜாரில் பருப்பு மடிக்கக் கிழிபடவிருந்த நேரத்தில் அவர் கைக்கு வந்தது. முழுக்க ரஷ்ய மொழி. படங்களை வைத்து எந்த எழுத்து எந்தக் காய் என்று கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போனது. அதன் பிறகு முப்பது வருஷம் அந்த ஆட்டங்களோடுதான் குடித்தனம்.

வெட்டுக்குத்து ஆட்டங்கள் அவருக்குப் பிடிக்காது. வெள்ளை ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளும். சும்மா தள்ளியது போலத்தான் இருக்கும், ஆனால் கறுப்புக் குதிரைக்கு அந்தப் பக்கம் வழி அடைபட்டுவிடும். அடுத்து வெள்ளைக் குதிரை, எந்தச் சிப்பாயும் விரட்ட முடியாத நடுக்கட்டத்தில் வந்து குந்திக்கொள்ளும். கறுப்பு மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். கடைசியில் கறுப்பிடம் எல்லாக் காயும் இருக்கும், நகர்த்தத்தான் இடம் இருக்காது. இப்படிப்பட்ட ஆட்டங்களில் கறுப்பு எந்த நகர்வில் தோற்றது என்று தேடிப்பிடித்துக் கொப்பியில் எழுதுவார். அது எப்போதும் பார்ப்பவர்கள் நினைப்பதைவிட வெகுமுன்னால் இருக்கும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு சமதரை. பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தன. பத்திரம் கிடையாது; அப்பன் பாட்டன் கொத்திய மண், அவ்வளவுதான். அழகுமுத்துவின் மனைவி ரத்னா, அங்கே கல் பொறுக்கியே நகம் தேய்ந்தவள்.

போன வருஷம் தை மாதம் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். வந்ததும் சமதரையின் ஓரத்தில் நாலு சீமெந்துத் தூண் நட்டார். யாரும் கவனிக்கவில்லை, அழகுமுத்துவைத் தவிர. அடுத்து, அங்கே போகும் குறுக்குப்பாதையில் தேயிலைக் கன்று வைத்தார். பிறகு தண்ணீர்க் குழாயை ஃபெக்டரிப் பக்கம் திருப்பினார். ஆனி மாதம், லயத்தில் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆளான மாயாண்டிக்குக் காவல் வேலை கொடுத்து, காவல் கொட்டிலைச் சமதரைக்கு நடுவே போட்டார். அன்று அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கவலையால் அல்ல, பரவசத்தால்.

"என்னங்க, சாப்பிடாம கொப்பியும் கையுமா?" என்றாள் ரத்னா.

"தொரை நல்லா ஆடுறாரு."

"யாரோட?"

"நம்மளோட."

"புரியிற மாதிரி சொல்லுங்க. எம் பாத்தியவா புடுங்கப் போறாரு?"

"அப்பிடித்தான் போகுது. இன்னும் ஒரு நகர்வு பாத்துட்டா உறுதியாயிரும்."

"அப்ப சங்கத்துத் தலைவருகிட்ட சொல்லிருங்களேன்."

"அவசரப்படக் கூடாது ரத்னா. அவசரப்பட்டவன்தான் தோப்பான்."

முப்பது வருஷம் யோசித்த மனுஷன் ஏதோ வழி வைத்திருப்பார் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் காத்திருந்த நகர்வு ஆவணியில் வந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி. அங்கே உல்லாசப் பயணிகளுக்குப் பங்களா வரப்போவதாக அறிவித்தல். லயமே கொதித்தது. ஹட்டனில் விசாரணை வைத்தார்கள். ரத்னா பெருமையோடு கொப்பியை எடுத்து நீட்டினாள். "எங்க வீட்டுக்காரரு தேதி போட்டு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காருங்க."

தோட்ட நிர்வாகத்துக்காக வந்த வக்கீல் கோகுலராஜ், ஹட்டன் பஜார்க் கடைக்காரர் ஒருவரின் மகன். பள்ளிக்கூடத்தில் செஸ் ஆடியவர். கொப்பியைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"'தை பன்னெண்டு. தூண். அமைதியான நல்ல நகர்வு.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க" என்றார் அழகுமுத்து.

"'ஆனி மூணு. கொட்டில் நடுவுல. இனி விரட்ட முடியாது.' இதுக்கு ரெண்டு ஆச்சரியக்குறி. அபாரமான நகர்வுன்னு அர்த்தம், இல்லையா?"

"ஆமாங்க." அந்த இடத்திலும் அவர் குரலில் ஒரு சந்தோஷம், தன் குறிப்பு விளங்கிய ஒருவர் கடைசியில் கிடைத்துவிட்டாரே என்று.

"எங்க தொரைய இவ்வளவு பாராட்டின நீங்க, இந்த ஏழு மாசத்துல ஒருதடவையாவது வேணாம்னு சொன்னீங்களா?"

பின்வரிசை வாங்கிலிருந்து மாயாண்டியின் மனைவி லெட்சுமி எழுந்துவிட்டாள். "அட பாவி மனுசா! தையிலயே தெரியுமா ஒனக்கு? எம் புருசனுக்கு வேல கெடச்சிருச்சுன்னு பொங்க வச்சனே, ஒம் பொஞ்சாதியும் வந்து தின்னாளே! அதுக்கும் குறி போட்டு வச்சியா?"

விசாரித்த அதிகாரி அதிகம் பேசவில்லை. பத்திரம் இல்லை, ஆட்சேபமும் இல்லை. இருப்பதைப் பிடுங்கிக்கொள்ள மூன்று நாள்.

திரும்பும் பஸ்ஸில் ரத்னா கொப்பியை மடியில் விரித்தாள். "இந்தப் பக்கம் பூரா தொரை. அந்தப் பக்கம்?"

"கறுப்பு. நம்ம பக்கம்."

அவள் கடைசித் தாள் வரைக்கும் புரட்டினாள். அந்தப் பக்கம் முழுக்க வெறுமை.

லீக்ஸ் பென்சில் பருமன்கூடத் தேறியிருக்கவில்லை. இரண்டு நாளில் அவள் எல்லாவற்றையும் பிடுங்கினாள். மூன்றாம் நாள், பிடுங்க ஒன்றுமில்லாதபோது, உரச்சாக்கில் மண்ணை அள்ளத் தொடங்கினாள். மாயாண்டி கொட்டிலிலிருந்து இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, மண்ண எடுக்கக் கூடாதாம். தோட்டத்துச் சொத்தாம்."

வேலிக்கு வெளியே நின்ற அழகுமுத்து, "விடு மாயாண்டி, ஒரு மூட்டதானே" என்றார்.

ஏழு மாதத்தில் கறுப்பின் முதல் நகர்வு. மாயாண்டி முடியாது என்று தலையை ஆட்டினார். ரத்னா சாக்கைக் கவிழ்த்து, பாத்தியைக் கையாலேயே சமப்படுத்திவிட்டு எழுந்தாள். வெளியே நின்றவரைத் தாண்டிப் போகும்போது அவரை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.