மூக்கக்கா தட்டிய குழாய்

குப்பைமேட்டில் எல்லோருக்கும் அவள் 'மூக்கக்கா'. பத்து வருஷம் அங்கே பிளாஸ்டிக் பொறுக்கியவள்; அடுத்த பதினோரு வருஷமாகக் கையில் மீட்டரோடு, மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் எங்கே கசிகிறது என்று பார்க்கிறாள். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாறுவதெல்லாம் வேறு சமாச்சாரம். யார் கேட்கிறார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வாயுவைக் குழாயில் உறிஞ்சி, ஓரத்திலுள்ள உயரமான இரும்புக் கூண்டில் எரிப்பார்கள். எரிக்காமல் விட்டால் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடேற்றும். கரியமில வாயுகூட அதன் முன்னால் சாது. மகளின் பிரசவத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டுத் திரும்பினால், கூண்டு அணைந்து கிடக்கிறது.

"வாயு தீர்ந்துபோச்சும்மா. நாளைக்குக் குழாயையெல்லாம் பிடுங்கப் போறோம். உங்க வேலையும் அவ்வளவுதான்" என்றார் புது இன்ஜினியர்.

தீர்ந்துபோச்சாம். மேட்டில் தேங்கிய மழைத்தண்ணீரெல்லாம் குமிழி விடுகிறது, இந்த மனுஷன் கண்ணுக்கு அது படவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

ஸ்பானரால் பெரிய குழாயைத் தட்டிக்கொண்டே நடந்தாள். டங் டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொத்' என்றது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே தண்ணீர்.

"மட்டம் பாத்துத்தானே சார் போட்டாங்க?"

"நூல் பிடிச்ச மாதிரி போட்டிருக்காங்க."

"அங்கதான் கோட்டை விட்டுட்டாங்க. குப்பை மக்க மக்க மேடு இறங்கும். குழாயும் துணிக்கொடி மாதிரி தொங்கிடுச்சு. வாயுவோட வர்ற ஈரம் பள்ளத்துல தண்ணியா நின்னு வழியை அடைச்சிருக்கு."

அவளும் நான்கு ஆட்களும் ஜாக்கி வைத்துக் குழாயைத் தூக்கி, அடியில் பழைய லாரி டயர்களைச் செருகிச் சரிவு கொடுத்தார்கள். தண்ணீர் மடமடவென்று வடிதொட்டிக்குள் ஓடியது. மூன்று மணிக்கு அவள் கூண்டைப் பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"தீயே காணோமே?" இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார்.

"வெயில்ல தெரியாது சார். பொறுங்க."

மூன்று வாரமாகக் கூண்டின் விளிம்பில் குடியிருந்த காகம் ஒன்று ஹாயாக உட்கார வந்தது. கிட்டே வந்ததும் கத்திக்கொண்டு தலைதெறிக்கப் பறந்தது. ஆட்கள் விசிலடித்தார்கள். மூக்கக்கா ஸ்பானரைத் துடைத்து இடுப்பில் செருகினாள்.

"நான் நாளைக்கு வரணுமா சார்?" வேண்டுமென்றே கேட்டாள்.

இன்ஜினியர் கையிலிருந்த, குழாயைப் பிடுங்கச் சொல்லும் உத்தரவை நாலாக மடித்துப் பையில் திணித்தார்.

"ஏழு மணிக்கே வாங்க மூக்கக்கா. எனக்கும் ஒரு ஸ்பானர் எடுத்துட்டு வாங்க."